யப்பான் பிள்ளை பேசாத மாசி

மாசி 3, திங்கள்

ஆஸ்பத்திரியில ஒரு நேர்ஸ் மிஸி சொன்னவ, கதைக்க ஆளில்லாட்டி எழுதுங்கோ அம்மா, ஒரு வரி எண்டாலும் எழுதுங்கோ எண்டு. நான் ஆறாம் வகுப்போட நிண்டனான். பிழை வரும். ஆர் பார்க்கப் போகினம்.

என்ர மனுசனுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்சுது. வந்த சனம் எல்லாம் போட்டுது. கதிரையளையும் வாடகைக்காரர் ஏத்திக்கொண்டு போட்டினம். முற்றத்தில அவர் ஆக்களை ஏத்தி ஹயர் ஓடின வெள்ளைக் கார் மட்டும் நிக்குது.

முருங்கை இலை வறுத்தன். ஒராளுக்குச் சமைக்கிற கை இன்னும் வரேல்லை. மிஞ்சினதை நாய்க்கு வைச்சன்.

மாசி 4, செவ்வாய்

காலமை காருக்குத் தூசு தட்டினன்.

மாசி 5, புதன்

காருக்குத் தூசு தட்டினன். உள்ளுக்கும் இருந்து துடைச்சன். கொஞ்சம் நேரம் போட்டுது.

மாசி 7, வெள்ளி

யோகன் வந்தவர். அவருக்கு நேர இளைய தம்பி. சுன்னாகத்தில சீமெந்துக் கடை வைச்சிருக்கிறார். வாழைப்பழமும் பாணும் கொண்டு வந்தவர்.

"அண்ணி, காரை இப்பிடியே விட்டா பழுதாப்போம். வாகனமும் மனுசரும் ஒண்டு, ஓடாட்டிப் பிடிச்சுக்கொள்ளும்" எண்டார்.

"நான் என்ன செய்ய? எனக்குச் சைக்கிளே சரியா ஓடத் தெரியாது."

"விப்பம். எனக்குத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு கார் தேடுது."

நான் வாழைப்பழத்தைத் தட்டில எடுத்து வைச்சன். யோகன் போய்ச் சாவியைப் போட்டுத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. ஒரு லைற்றும் பத்தேல்லை.

"பற்றறி இறங்கிப்போச்சு. சும்மா நிண்ட காருக்கு இவ்வளவு கெதியா இறங்காதே. ஆரும் சாவி போட்டு விட்டவையோ அண்ணி?"

"எனக்கென்ன தெரியும். நான் தூசு தட்டிறதோட சரி" எண்டு சொன்னன்.

மாசி 8, சனி

யோகன் புதுப் பற்றறி வாங்கி வந்து பூட்டினவர். எஞ்சின் ஒரே உதையில ஸ்ராட் வந்தது. யோகனுக்குச் சந்தோசம். ஆனா யப்பான் பிள்ளை கதைக்கேல்லை.

அதை எழுத வேணும். இது யப்பானில ஓடி, கப்பல்ல இஞ்ச வந்த கார். ரேடியோ இருக்கிற இடத்தில ஒரு திரை. சாவியைத் திருப்பினா அதுக்குள்ள இருந்து ஒரு பொம்பிளைப்பிள்ளை யப்பான் பாசையில ரெண்டு வசனம் சொல்லும். மெல்லிய குரல். ஊரில ஓடுற கார்களில அரைவாசிக்குள்ள இப்பிடி ஒரு பிள்ளை இருக்கு. ஒருத்தரும் காது குடுக்கிறேல்லை. அந்தத் திரையில ரோட்டுப் படமும் வரும், ஆனா யப்பான் ரோட்டு மட்டுந்தான். நாங்கள் கோப்பாயில இருந்து வல்லை வெளியால போகேக்க அதில நீலக் கடலுக்குள்ள போய்க்கொண்டிருப்பம்.

இண்டைக்குத் திரையில யப்பான் எழுத்தும் கீழ நம்பர்ப் பெட்டியும் மட்டும் வந்து நிண்டுது. வேற ஒண்டும் இல்லை. யோகன் வாயில வந்த நம்பரெல்லாம் அமத்திப் பார்த்தார். "ங்" எண்டு ஒரு சத்தம், திரும்ப அதே எழுத்து.

"பற்றறி முழுக்கச் செத்தா இந்த ரேடியோச் செற்றுகள் பூட்டிக்கொள்ளும் அண்ணி. களவு போகாமலுக்காம். அது கிடக்கட்டும், எஞ்சின் ஓடுதே."

அடுப்பில பால் கிடக்கு எண்டு சொல்லிப்போட்டு உள்ள வந்திட்டன். அடுப்பில பால் இல்லை.

மாசி 9, ஞாயிறு

தூசு தட்டேல்லை. சாவி போட்டுக் கேக்கவும் இனி ஒண்டும் இல்லை.

மாசி 11, செவ்வாய்

யோகன் காரைச் சுன்னாகத்தில ஒரு கராஜுக்குக் கொண்டு போகேக்க நானும் போனன். வரத் தேவையில்லை எண்டவர். வாறன் எண்டன்.

கராஜ்காரர் எட்டிப் பார்த்திட்டு, "இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டுச் சீனச் செற் ஒண்டு போடுங்கோ. படம் பார்க்கலாம், பாட்டுக் கேக்கலாம், பின்னுக்கு வாற மாடும் தெரியும்" எண்டார்.

"வேண்டாம். இதையே திறந்து தாங்கோ" எண்டன்.

யோகன் என்னைப் பார்த்தவர். "அண்ணி, உங்களுக்கு இவ்வளவு நாளும் அந்தப் பாசை விளங்கினதோ?"

"விளங்கினது."

ரெண்டு பேரும் சிரிச்சினம். நான் சிரிக்கேல்லை.

மாசி 13, வியாழன்

யோகனுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது. எனக்கு விளங்கினது தான். அவர் சொல்லுவார்.

சந்தைக்கோ கோயிலுக்கோ போக நான் இடப்பக்கம் ஏறி இருப்பன். அவர் சாவியைத் திருப்புவார். பிள்ளை தன்ர ரெண்டு வசனத்தையும் சொல்லி முடிக்கும். அவர் தொண்டையைச் செருமுவார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார், "நேத்தையான் கறிக்குப் புளி கூடிப்போச்சாம், பிள்ளை சொல்லுது."

நானும் திரையைப் பார்த்து, "விடியவெள்ளெண ஹயருக்குப் போய்ப் பொழுதுபட்டு வந்து ஆறின கறியைச் சாப்பிட்டாப் புளிக்கத்தான் செய்யும் எண்டு சொல்லு பிள்ளை" எண்டுவன்.

"பிள்ளை கேக்குது, கண்ணாடி மாத்திற கிளினிக்குக்கு எந்த நாள் போறதாம்?"

"புதனுக்கெண்டு சொல்லு."

"பிள்ளை சொல்லுது, அந்த ஊதாச் சீலை நல்லா இருக்காம்."

அதுக்கு நான் யன்னலுக்கு வெளியில பார்ப்பன்.

அவருக்கும் அந்தப் பாசையில ஒரு சொல்லும் தெரியாது.

மாசி 16, ஞாயிறு

கார் பார்க்க ஒரு பிள்ளை வந்தது. கிருபாலினி எண்டு பேர், நெல்லியடி. வங்கியில வேலை, முல்லைத்தீவுக்கு மாத்தல் வந்திருக்காம். மெலிஞ்ச பிள்ளை, ஆனா காரை நல்லா ஓட்டிப் பார்த்தது. வாசல் படலை வரைக்கும் பின்னால எடுத்து ஒரு தரமும் முட்டேல்லை.

"கார் பிடிச்சிருக்கு அன்ரி. இந்தச் செற் மட்டும் இங்கிலீசில வேணும், எங்கட ரோட்டுப் படத்தோட. எனக்கு அங்கத்தைய பாதை ஒண்டும் தெரியாது. தனியத்தான் போய்வர வேணும்."

"அது சரிதானே பிள்ளை."

"அங்கிள் எப்பிடி இதை வைச்சு ரோட்டுப் பார்த்தவர்?"

"அவருக்கு ரோட்டெல்லாம் தெரியும். இது கதைக்கிறதுக்கு மட்டும்."

பிள்ளை நல்லது. நான் சொன்னதை விளங்காமலே தலையாட்டினது. யோகன் அந்த இடத்திலயே விலை பேசி முடிச்சிட்டார். மாசம் முடிய முன்னம் செற்றைச் சரிசெய்து குடுக்கிறதெண்டு பேச்சு. நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன்.

மாசி 17, திங்கள்

இண்டைக்கு ஒருத்தரோடயும் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. பின்னேரம், தொண்டை இருக்கோ எண்டு பார்க்க இருமிப் பார்த்தன்.

மாசி 19, புதன்

யாழ்ப்பாண ரவுணில றெஜி எண்டொரு தம்பி இந்தச் செற்றுகள் திருத்துறவராம். குருநகர்ப் பக்கத்து ஆள். கடை சின்னன், சுவர் முழுக்க வயரும் கழட்டின செற்றும் தொங்குது. மாதா படத்துக்கு முன்னால ஒரு குட்டி லைற், அதுவும் காரில கழட்டினது தான்.

றெஜி நம்பர்ப் பெட்டியைப் பார்த்திட்டு, "ஆர் இதில கண்டபடி அமத்தினது?" எண்டு கேட்டார். யோகன் கூரை முகட்டைப் பார்த்தவர்.

"இன்னும் ஒண்டு ரெண்டு தரம் பிழையா அமத்தினால் ஒரேயடியாப் பூட்டிக்கொள்ளும். இனித் தொடாதேங்கோ. அம்மா, இதுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, பூட்டோடயே முழுசா அழிச்சுப்போட்டு இங்கிலீஸ் ஏத்திறது. ஒரு நாளில முடியும். மற்றது, செற்றின்ர நம்பரைப் படம் எடுத்துக் கொழும்பில ஒராளுக்கு அனுப்ப வேணும். அவர் திறக்கிற நம்பர் கண்டுபிடிச்சுத் தருவார். நாள் எடுக்கும். சில செற்றுக்கு அவராலயும் ஏலாது."

"முதலாவதைச் செய்யுங்கோ" எண்டார் யோகன்.

"திறந்தா அந்தப் பிள்ளை பழையபடி கதைக்குமோ?" எண்டு நான் கேட்டன்.

"கதைக்கும். ஆனா பிறகு அழிக்கத்தானே போறம் அம்மா. வீண் வேலை."

"அழிக்க முன்னம் ஒருக்காக் கேக்க வேணும்."

யோகன், "அண்ணி, அவ என்ன உங்கட ஒண்டுவிட்ட தங்கச்சியோ, சொல்லிப்போட்டுப் போக?" எண்டார். கடையில நிண்ட இன்னொராளும் சிரிச்சார்.

"ஓம். சொல்லிப்போட்டுத்தான் போக வேணும்" எண்டன்.

பகிடிக்குச் சொன்ன மாதிரித்தான் சொன்னன். ஆனா சிரிப்பு நிண்டுபோச்சு. றெஜி போனை எடுத்துத் திரையைப் படம் எடுத்தார்.

மாசி 20, வியாழன்

நானும் அவரும் ஏன் நேர கதைக்கேல்லை எண்டு ஆரும் கேட்டா என்ன சொல்லுறது. ஒருத்தரும் கேட்டதில்லை, ஒருத்தருக்கும் தெரியாது. விருந்தாட்கள் வந்தா ரெண்டு பேரும் அவையோட கதைப்பம். அவைக்கு அது போதும்.

என்ர அம்மா இருந்தது தூரத்தில, தம்பலகாமத்தில. சில வருசத்துக்கு முந்தி ஒரு நாள் காலமை போன் வந்தது, அம்மா மோசம் போயிட்டா எண்டு. அவர் அப்ப காருக்குப் பூக் கட்டிக்கொண்டு நிண்டவர். கலியாண ஹயர். பொம்பிளையைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேணும். "வாக்குக் குடுத்திட்டன். நல்ல காரியத்துக்குப் போற வாகனத்தில சாச்செய்தி சொல்லி நிக்கக் கூடாது. இறக்கிவிட்ட கையோட வந்து உன்னை ஏத்துறன்" எண்டார். நான் நிண்டு பார்த்தன். பிறகு பஸ்ஸில போனன். வழியில பஸ் ரயர் போச்சு. நான் போய்ச் சேரேக்க அம்மாவை எடுத்திட்டினம். எங்கட பக்கம் பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை. முகம் பார்க்கேல்லை.

அவர் பின்னேரம் வந்தவர். காரில கட்டின பூ ரெண்டு மூண்டு அப்பவும் கதவில ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அண்டையோட எனக்கு அவரோட கதை இல்லை, இஞ்சாருங்கோ எண்டு அவரைக் கூப்பிடுறதும் இல்லை. திரும்பி வாற வழியில அவர் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். நான் வாய் திறக்கேல்லை. கந்தளாயில பெற்றோல் அடிச்சிட்டுச் சாவியைத் திருப்ப, பிள்ளை தன்ர ரெண்டு வசனத்தையும் சொன்னது. அவர் தொண்டையைச் செருமி, "பிள்ளை கேக்குது, எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு அங்க என்னென்ன குடுத்தனுப்ப வேணுமாம்" எண்டார்.

நான் யோசிச்சன். அவருக்கு மறுமொழி சொல்லக் கூடாது. ஆனா பிள்ளை என்ன செய்தது? பிள்ளையிட்டச் சொன்னன், வெள்ளைச் சீலையும் அரிசியும் எண்டு.

அப்பிடித்தான் தொடங்கினது. கோவம் எப்ப போச்செண்டு எனக்குத் தெரியாது. பழக்கம் போகேல்லை. முதல்ல ஆர் நிப்பாட்டுறதெண்டு ரெண்டு பேருக்கும் தெரியேல்லை. வீட்டுக்குள்ள ஏதும் அவசரமெண்டா அவர் முற்றத்தில போய்ச் சாவியைத் திருப்பிவிட்டு ஹோண் அடிப்பார். நான் கையைத் துடைச்சுக்கொண்டு போய் இடப்பக்கம் ஏறி இருப்பன்.

மாசி 22, சனி

கிணத்தடி வழுக்குது. ப்ளீச் போட்டு உரஞ்சினன்.

மாசி 24, திங்கள்

றெஜி போன் எடுத்தவர். கொழும்புக்காரரிட்ட இருந்து இன்னும் மறுமொழி இல்லையாம்.

கிருபாலினியும் எடுத்தது. "அன்ரி, நான் ஒண்டாம் திகதிக்குப் பிறகு போக வேணும். அவசரப்படுத்துறன் எண்டு நினைக்காதேங்கோ." அந்தப் பிள்ளையில பிழை இல்லை.

யோகன் நேர வந்திட்டார். "அண்ணி, அழிச்சு ஏத்துவம். ஒரு சத்தம் கேக்கிறதுக்காக வாற ஆளைக் கலைக்கப் போறியளோ? உங்களுக்கு இப்ப காசுதான் வேணும், காரில்லை."

"வெள்ளி மட்டும் பொறுங்கோ தம்பி."

"வெள்ளிக்கும் நம்பர் வராட்டி?"

"வராட்டி அழியுங்கோ."

"ஏனண்ணி இவ்வளவு பிடிவாதம்? அண்ணைக்கு முன்னால இப்பிடி ஒரு நாளும் நிண்டதில்லையே நீங்கள்."

யோகன் ஒண்டும் அறியாத ஆள்.

மாசி 26, புதன்

சிவராத்திரி. பக்கத்து வீட்டுப் பூமணி அக்கா கோயிலுக்குக் கூப்பிட்டவ. சாத்துடக்கு வீடு, ஒரு வருசம் கழியட்டும் எண்டன். உண்மையில சனத்துக்குள்ள போக மனமில்லை.

ஆஸ்பத்திரியை எழுத வேண்டாம் எண்டு இருந்தன்.

அங்க அவர் கட்டிலில. நான் பக்கத்தில மர வாங்கில இருந்தன். முகத்துக்கு முகம். நடுவில ஒண்டும் இல்லை. அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தாலும் வாய் கொஞ்சம் பேச வரும். நான் மிஸியிட்ட, "கஞ்சி வேணுமோ எண்டு அவரைக் கேளுங்கோ" எண்டன்.

மிஸி, "நீங்களே கேளுங்கோவன் அம்மா, காதுக்குப் பக்கத்தில தானே இருக்கிறியள்" எண்டா.

எனக்கு வாய் வரேல்லை. அவர் மிஸியைப் பார்த்து, "இவவை வீட்ட போய்ப் படுக்கச் சொல்லுங்கோ" எண்டார். மிஸி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தவ. கதைக்க ஆளில்லாட்டி எழுதுங்கோ எண்டு பிறகு சொன்னதும் அந்த மிஸிதான்.

கடைசி நாள் காலமை யோகன் வந்து நிண்டவர். அவர் யோகன்ர கையைப் பிடிச்சு, "காரைக் கொண்டு வா" எண்டார்.

"ஓமண்ணை, காருக்கு ஒண்டுமில்லை, வீட்டில நிக்குது. சுகமாகி வந்து ஓட்டுங்கோ."

"இஞ்ச கொண்டு வா. உள்ளுக்குக் கொண்டு வா. இவ ஏறி இருக்கட்டும்."

யோகன் வெளியில போய் அழுதவர். நினைவு தப்பிப்போச்சு, கடைசியிலயும் தொழில் நினைப்புத்தான் எண்டு எல்லாருக்கும் சொன்னவர். செத்தவீட்டிலயும் அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதினம். நானும் ஓம் எண்டு தலையாட்டினன்.

நினைவு தப்பேல்லை. அவருக்கு என்னட்ட ஏதோ சொல்ல இருந்திருக்கு.

மாசி 28, வெள்ளி

நம்பர் வந்திட்டுது.

றெஜி கடைக்கு நானும் யோகனும் போனம். யோகன் எதிர்க்கடையில தேத்தண்ணி குடிக்கப் போனவர். நான் இடப்பக்கம் ஏறி இருந்தன். றெஜி வலப்பக்கம் இருந்து கடதாசியைப் பார்த்துப் பார்த்து அமத்தினார். "இந்த முறை பிழையாப் போனா முடிஞ்சுது" எண்டவர். பிழையாப் போகேல்லை. திரை கறுத்து, பிறகு வெளிச்சு, ரோட்டுப் படம் வந்தது. கடலுக்குள்ள நிண்டம். பிள்ளை கதைச்சது.

அதே குரல். அதே ரெண்டு வசனம்.

"என்ன சொல்லுது தம்பி?"

"ஆருக்கம்மா தெரியும். வாற காரெல்லாம் இதைத்தான் சொல்லுது."

"கொஞ்சம் இறங்கி நில்லுங்கோ தம்பி. கதவைச் சாத்திப்போட்டு."

றெஜி இறங்கிக் கதவைச் சாத்தினார். நான் எட்டிச் சாவியை நிப்பாட்டி, திரும்பப் போட்டன். பிள்ளை சொல்லி முடிச்சது. அவர் தொண்டை செருமுற நேரம் வந்தது. நான் பார்த்துக்கொண்டு இருந்தன். அந்த நேரம் போட்டுது.

இஞ்சாருங்கோ எண்டன். பிள்ளையிட்ட இல்லை. வலப்பக்கச் சீற்றைப் பார்த்து. முதல் தரம் வெறும் காத்துத்தான் வந்தது. ரெண்டாம் தரம் சொல்லு வந்தது. பிறகு சொல்ல இருந்ததைச் சொன்னன். அதை இதில எழுதேல்லை. அது அவருக்குச் சொன்னது.

கண்ணாடியை இறக்கி, "தம்பி, அழியுங்கோ" எண்டன்.

றெஜி ஏறி வயர் ஒண்டைக் கொழுவி ஏதோ அமத்தினார். திரையில ஒரு கோடு வந்து மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கினது. "நேரமெடுக்கும் அம்மா. உள்ளுக்கு வெக்கை. வந்து கடையில ஃபானுக்குக் கீழ இருங்கோ."

"இல்லைத் தம்பி. நான் இருக்கிறன்."

அம்மாவை எடுக்கேக்க நான் இல்லை. அவரைக் கொண்டு போகேக்கயும் படலையோட நிண்டனான். இதுக்கு இருந்தன், அந்தக் கோடு நிரம்பி முடியுமட்டும்.

பங்குனி 1, சனி

கிருபாலினி தகப்பனோட வந்து காரை எடுத்தது. சாவியைக் கையில குடுத்தன். திரை இங்கிலீசில ஏதோ கேட்டது, பிள்ளை விரலால தட்டித் தட்டி மறுமொழி குடுத்தது. ரோட்டுப் படத்தில கோப்பாய்ச் சந்தி சரியாத் தெரிஞ்சுது.

"இடைக்கிடை வந்து பார்ப்பன் அன்ரி."

"ரோட்டைப் பார்த்துப் போ பிள்ளை. முல்லைத்தீவுப் பக்கம் மாடு குறுக்க வரும்."

யோகன் காசை வங்கியில போட்டு ரசீதுத் துண்டைக் கொண்டுவந்து தந்தார். சாப்பிட்டிட்டுப் போங்கோ எண்டன். இருந்து சாப்பிட்டார்.

பங்குனி 2, ஞாயிறு

முற்றத்தில கார் நிண்ட இடத்தில எண்ணெய் ஊத்தின கறுப்பு ஒண்டு கிடக்கு. மண் போட்டு மூடினன்.

பின்னேரம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நான் குசினியில வெங்காயம் அரிஞ்சுகொண்டிருந்தன்.

"இஞ்சாருங்கோ, மழை வரப்போகுது, கொடியில உடுப்புக் கிடக்கு" எண்டன்.

பிறகு நானே போய் எடுத்தன்.